பாபா சாகேப் கண்ட நீர் நீதி

புது டில்லியின் தென்மேற்குப் பகுதியில் ராமகிருஷ்ணபுரம் என்னும் குடியிருப்பு உளது. மத்திய அரசின் அலுவலர்களுக்காக அமைக்கப்பெற்ற அவ்விடத்தை ஆர்.கே.புரம் என்றே யாவரும் வழங்குவர். தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்து வருகின்றன. அதன் முதல் செக்டாரில் சேவா பவன் என்னும் பெரிய கட்டடம் ஒன்று நிற்கின்றது. மத்திய நீர் ஆணையம் அங்கிருந்து பணியாற்றுகின்றது. நாட்டின் ஆறுகளில் ஓடும் நீரை அளப்பது, வெள்ளம் வருமுன் எச்சரிப்பது, அணைத் திட்டங்களை ஆராய்ந்து கருத்துரைப்பது ஆகியவை அதன் கடமைகள். அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் சென்று மீளும் நம்மவருள் எத்தனை பேர் அவ்வாணையத்தின் பிறப்போடு நம் பாபா சாகேப் அம்பேத்கருக்கு உள்ள தொடர்பை அறிவர்?

அரசியல் சட்டம் வகுத்த அறிஞர் என்றும், நமக்குத் தம்மத்தின் வாயிலைத் திறந்துவிட்ட போதிசத்துவர் என்றும் நாம் அவரைப் போற்றுகிறோம். அது முற்றிலும் பொருந்தும். எனினும் அவருடைய வாழ்வை முதலிலிருந்து முடிவு வரை தொடர்ந்து பார்ப்போருக்கு வேறோர் இழையும் புலப்படும். அது தண்ணீர். நீர் யாருக்கு உரியது என்னும் கேள்வி, ஒன்பது பத்து வயதுச் சிறுவனாய் அவர் தாகத்தால் தவித்த இரவில் எழுந்தது. இறுதியாக அவர் எழுதி முடித்த நூலிலும் அதுவே புத்தர் பெருமானின் துறவுக்கு முகப்பாக அமைந்தது. அந்த ஓர் இழையைப் பற்றிக்கொண்டு அவருடைய வரலாற்றை இங்கே சுருங்கக் கூற விழைகிறோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவின் மஹூ என்னும் இராணுவ முகாமில் பீமராவ் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் இராணுவத்தில் ஆசிரியராய் விளங்கியவர். தாயார் பீமாபாய். தந்தையார் ஓய்வு பெற்ற பின் குடும்பம் சாதாராவில் தங்கியது. குழந்தை சிறு வயதிலேயே தாயை இழந்தது. பள்ளியில் பிற சாதிப் பிள்ளைகள் தாகம் எடுத்தால் குழாயடிக்குச் சென்று தாமே நீர் அருந்தலாம். மஹர் குலத்தில் பிறந்த பீமராவோ குழாயைத் தொடலாகாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டால் நீர் உண்டு. அவன் வாராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான். குழாய் இருந்தது, அதில் நீரும் இருந்தது. ஆயினும் அந்நீர் மற்றொருவன் மனம் வைத்தால்தான் கிட்டும் என்ற நிலையை அவர் அரிச்சுவடியோடு சேர்த்துக் கற்றார்.

1901ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு பயணத்தை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் விரிவாக எழுதியுள்ளார். அப்போது தந்தையார் சாதாரா ஜில்லாவின் கோரேகாவ் என்னும் ஊரில் காசாளராக வேலை பார்த்துவந்தார். அவ்வேலை எத்தகையது என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். பஞ்சத்தால் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த காலம் அது. பஞ்சம் பிழைக்க வந்தோருக்கு வேலை கொடுக்கும் பொருட்டு பம்பாய் அரசு அங்கே ஏரி ஒன்றை வெட்டுவித்தது. அவ்வேரிப் பணியின் கூலிக் கணக்கைக் கவனித்தவரே ராம்ஜி. அவரைக் காணப் பீமராவும் தமையனாரும் தமக்கையின் பிள்ளைகள் இருவரும் புதுச் சட்டையணிந்து மகிழ்ச்சியோடு இரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினர். வருகையை அறிவித்து எழுதிய கடிதம் தந்தையாரிடம் சேரவில்லை. அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. பிள்ளைகள் இன்ன சாதியினர் என்று அறிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. வண்டிக்காரர் எவரும் அவர்களை ஏற்ற முன்வரவில்லை. இறுதியில் ஒருவன், இருமடங்கு கூலி பெற்றுக்கொண்டு, பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், தான் பக்கத்தில் நடந்து வருவேன் என்ற நிபந்தனையோடு இசைந்தான்.

கையில் கட்டுச்சோறு இருந்தது. குடிக்க நீர் இல்லை. வழியிற் கண்ட குட்டைகளில் சேறும் மாடுகளின் கழிவும் கலந்திருந்தன. இரவில் சுங்கச் சாவடியை அடைந்தபோது வண்டிக்காரன் அறிவுரைப்படி தம்மை முஸ்லிம்கள் என்று கூறிக்கொண்டு நீர் கேட்டனர். சாவடிக்காரன் இரங்கவில்லை. சோற்று மூட்டையைப் பிரித்தும் உண்ண இயலாமல், பசியோடும் தாகத்தோடும் அப்பிள்ளைகள் விடியும் வரை கிடந்தனர். ஏரி வெட்டுவோருக்குக் கூலி அளந்த தந்தையின் மகனுக்கு ஒரு குவளை நீர் கிடைக்கவில்லை. மேல்சாதியினர் தந்த விலையைப் போல இருமடங்கு கொடுத்தும் வண்டிதான் கிடைத்தது, நீர் கிடைக்கவில்லை. இந்நிகழ்ச்சி தம் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்ததென்று அவரே குறித்திருக்கிறார்.

அதன்பின் நிகழ்ந்த கல்விப் பயணம் யாவரும் அறிந்ததே. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார், 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டு 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். பின்னர் இலண்டனில் பொருளாதாரமும் சட்டமும் பயின்று 1923-இல் தாயகம் திரும்பினார். அவர் கற்றவற்றுள் முதன்மையானது பொருளாதாரம் என்பதை நாம் மறத்தலாகாது. விலை என்பது என்ன, உடைமை என்பது என்ன என்பவற்றை உலகின் தலைசிறந்த ஆசிரியர்களிடம் பாடம் கேட்டவர் அவர். ஆகவே, பிற்காலத்தில் அவர் நீரைப் பற்றி எண்ணியவையெல்லாம் இரக்கத்தால் மட்டும் எழுந்தவையல்ல, ஆராய்ச்சியினாலும் எழுந்தவை.

அவர் திரும்பிய அதே 1923ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், பம்பாய் சட்டசபையில் எஸ்.கே.போலே என்னும் சீர்திருத்தவாதி கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப் பணத்தால் அமைந்த, அல்லது பேணப்பட்ட குளங்கள், கிணறுகள், சத்திரங்கள், பள்ளிகள் முதலியவற்றைத் தீண்டப்படாதார் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். கொலாபா ஜில்லாவில் உள்ள மஹாத் நகரசபை, 1924-இல் தன் ஊரின் சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளமோ எட்டாத இடத்தில் இருந்தது. மூன்றாண்டுகள் கடந்தும் நம் மக்களுள் எவரும் அங்கு நீர் எடுக்கத் துணியவில்லை. அக்குளத்தில் கால்நடைகள் குடித்தன. பிற சமயத்தார் குடித்தனர். மஹரும் சாம்பாரும் குடிக்கலாகாது.

1927ஆம் ஆண்டு மார்ச்சு 19, 20 ஆகிய நாட்களில் மஹாத்தில் ஒடுக்கப்பட்டோர் மாநாடு கூடியது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து முதியவரும் இளைஞருமாக ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்து சேர்ந்தனர். அவர்களுக்குக் குடிநீர் வேண்டுமே! ஊர்க் குளத்தைத் தொட வழியில்லாமையால், மாநாட்டின் தேவைக்காக மேல்சாதியினரிடமிருந்து நாற்பது ரூபாய்க்குத் தண்ணீர் விலைக்கு வாங்கப்பட்டது. அன்பர்களே, இச்செய்தியைச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். தீண்டினால் தீட்டு எனப்பட்டோருக்கு நீரை விற்பதில் தீட்டு இல்லை. அவர்கள் கையிலிருந்து காசு வாங்குவதிலும் தீட்டு இல்லை. அவர்கள் தம் கையால் உரிமையோடு மொள்வதில் மட்டுமே தீட்டு இருந்தது. விலைக்குக் கிடைப்பது வேறு, உரிமையாய்க் கிடைப்பது வேறு என்பதை மஹாத்தின் நாற்பது ரூபாயைக் காட்டிலும் தெளிவாக எந்நூலும் நமக்குக் கற்பிக்க இயலாது.

மார்ச்சு 20ஆம் நாள் மாநாட்டினர் வரிசையாகச் சென்று குளத்தை அடைந்தனர். பாபா சாகேப் கரையிலிறங்கி நீரை அள்ளிப் பருகினார். அவரைத் தொடர்ந்து மற்றையோரும் பருகினர். சிறிது நேரத்திற்குள், இவர்கள் வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்ற பொய் வதந்தி ஊரெங்கும் பரவியது. தடிகளோடு வந்தவர்கள், உணவருந்திக் கொண்டிருந்தோரையும் ஊர் திரும்பிக் கொண்டிருந்தோரையும் தாக்கினர். பலர் காயமுற்றனர். நம்மவருள் பட்டாளத்தில் பணியாற்றியோர் பலர் இருந்தும், எதிர்த் தாக்குதலில் இறங்காதவாறு பாபா சாகேப் அவர்களை அடக்கினார். பின்பு ஊரார் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் குளத்தில் ஊற்றிச் சடங்கு செய்து, குளம் தூய்மையாயிற்று என்று அறிவித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் நகரசபையும் தன் பழைய தீர்மானத்தை இரத்து செய்தது.

டிசம்பரில் மீண்டும் மஹாத்தில் கூடி நீர் அருந்துவதென்று முடிவாயிற்று. அதைத் தடுக்க எதிர்ப்பாளர் நீதிமன்றம் சென்றனர். அவர்கள் எழுப்பிய வாதமே நம் கட்டுரைக்கு உயிர் போன்றது. குளம் பொதுச் சொத்தன்று, தனியார் உடைமை என்று அவர்கள் சாதித்தனர். தீண்டப்படாதாரை விலக்கும் வழக்கம் பண்டு தொட்டு உளது என்பதையும் துணைக்குச் சேர்த்தனர். ஆக, சாதியின் பெயரால் மட்டும் இனி நீரைத் தடுக்க முடியாதென்று கண்டவுடனேயே, உடைமையின் பெயரால் தடுக்க முற்பட்டனர். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. டிசம்பர் 25ஆம் நாள் மாநாட்டில் மனுஸ்மிருதி தீயிடப்பட்டது. கூடியிருந்தோர் குளத்திலிறங்கத் துடித்தனர். எனினும் பாபா சாகேப் சட்டத்தை மதித்து, நீர் அருந்தும் அறப்போரை ஒத்தி வைக்குமாறு அவர்களை இணங்கச் செய்தார். குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டுமே நடந்தது. நீதிமன்றத்தில் வெல்ல முடியும் என்ற நம்பிக்கையும், வென்றால்தான் உரிமை நிலைக்கும் என்ற தெளிவும் அவருக்கு இருந்தன.

வழக்கு பத்தாண்டுகள் நீடித்தது. கீழ் நீதிமன்றத்தில் தோற்ற எதிர்ப்பாளர் அப்பீல் செய்தனர். அங்கும் தோற்றுப் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சென்றனர். 1937 மார்ச்சு 17ஆம் நாள் இறுதித் தீர்ப்பு வந்தது. குளம் நகரசபைக்கு உரியது. விலக்கும் வழக்கம் தொன்று தொட்டதென்பது மெய்ப்பிக்கப்படவில்லை. இவ்வாறு ஒரு கை நீருக்காகப் பத்தாண்டுகள் சட்டத்தோடு போராடி வென்றவர் உலக வரலாற்றில் அரியர்.

இவ்வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1934-இல், தோழர் பலரோடு அவர் தௌலதாபாத் கோட்டையைக் காணச் சென்றார். புழுதி படிந்திருந்தமையால் கோட்டை வாயிலில் இருந்த குளத்தில் அனைவரும் முகமும் காலும் கழுவினர். முதியவர் ஒருவர் ஓடிவந்து, தீண்டப்படாதார் குளத்தைத் தீட்டாக்கிவிட்டனர் என்று கூச்சலிட்டார். அவர் இந்துவல்லர், முஸ்லிம். கூட்டம் சேர்ந்து வசைமாரி பொழிந்தது. கோட்டைக்குள் எங்கும் நீரைத் தொடலாகாது என்ற நிபந்தனையின் பேரில், காவலன் ஒருவன் உடன்வர, அவர்கள் உள்ளே செல்ல நேர்ந்தது. பிற சமயத்தார் கண்ணிலும் தீண்டாமை குடிகொண்டிருந்ததை அன்று அவர் கண்டார். அடுத்த ஆண்டு, 1935 அக்டோபர் 13ஆம் நாள், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்ற உறுதியை யேவலா மாநாட்டில் வெளியிட்டார். ஆயினும் எந்த மார்க்கம் என்ற முடிவுக்கு அவர் விரைந்து செல்லவில்லை, இருபத்தோராண்டுகள் ஆராய்ந்தார்.

இனி டில்லிக்கு வருவோம். 1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் இலாகா உறுப்பினராக அவர் பொறுப்பேற்றார். தொழிலாளர் நலத்தோடு நீர்ப்பாசனமும் மின்சக்தியும் அவ்விலாகாவைச் சேர்ந்திருந்தன. பள்ளிக் குழாயைத் தொட அனுமதிக்கப்படாத சிறுவன் இந்தியாவின் ஆறுகளைப் பற்றிச் சிந்திக்கும் பொறுப்பை ஏற்றான் என்று கூறினால் அது மிகையன்று. மறு ஆண்டே தாமோதர் நதியில் பெருவெள்ளம் வந்தது. கரைகள் உடைந்தன, இரயில் பாதையும் பெருஞ்சாலையும் அறுபட்டன, வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய வேளையில் இத்துயரும் சேர்ந்தது. அதுவரை வெள்ளத்திற்கு மருந்து கரையை உயர்த்துவதே என்று எண்ணிவந்தனர். பாபா சாகேப்பின் இலாகா வேறு வழியை நாடியது. அமெரிக்காவில் 1933-இல் அமைந்த டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஒரு நதியின் படுகை முழுவதையும் ஒன்றாகக் கருதி, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சக்தி, படகுப் போக்குவரத்து ஆகிய அனைத்துக்கும் ஒரே திட்டம் வகுப்பது என்பதே அவ்வழி. டென்னசியில் பணியாற்றிய வூர்டுயின் என்னும் பொறியாளர் வரவழைக்கப்பட்டார். 1945-இல் வங்காளம், பீகார் அரசுகளின் பிரதிநிதிகளோடு பாபா சாகேப் கல்கத்தாவில் இருமுறை கலந்து பேசினார். விடுதலைக்குப் பின் 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் பிறந்தது. திலையா, கோனார், மைதான், பாஞ்சேத் அணைகள் 1953 முதல் 1959 வரை ஒவ்வொன்றாய் எழுந்தன.

மாகாணந்தோறும் தனித்தனியே பொறியாளர் இருந்தனர். எல்லை கடந்து ஓடும் ஆற்றை முழுமையாக ஆராயும் மத்திய நிலையம் மட்டும் இல்லை. அக்குறையைப் போக்க 1945 ஏப்ரல் 5ஆம் நாள் மத்திய நீர்வழி, பாசன, கப்பற் போக்குவரத்து ஆணையம் நிறுவப்பட்டது. பொறியாளர் ஏ.என்.கோஸ்லா அதன் தலைவரானார். பெயரும் அமைப்பும் பின்னர் பலமுறை மாறின. 1974-இல் மின்சக்திப் பிரிவு தனியே பிரிந்தது. ஆர்.கே.புரம் சேவா பவனில் இன்று நாம் காணும் மத்திய நீர் ஆணையம் அதன் தொடர்ச்சியே. அதே 1945 நவம்பரில் கட்டாக் நகரில் ஒரிசாவின் ஆறுகளைக் குறித்து நடந்த மாநாட்டுக்கும் அவர் தலைமை தாங்கினார். மிகுதியான நீரைத் தீமையென்று கருதிக் கடலுக்கு விரட்டும் மனப்பான்மை தவறு. நீரைத் தேக்கிப் பயன் கொள்வதே ஏழை நாட்டுக்கு வழி என்று அங்கே வற்புறுத்தினார். அம்முயற்சியிலிருந்து மகாநதியில் ஹிராகுட் அணை எழுந்து 1957-இல் திறக்கப்பட்டது.

இவ்விடத்தில் உண்மை ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். அந்த அணைகளால் விளைந்த நன்மை ஒருபுறமிருக்க, நிலமும் வீடும் இழந்து பெயர்ந்தோர் ஏராளம். அவர்களுள் பழங்குடியினரும் ஒடுக்கப்பட்டோரும் மிகுதி. ஹிராகுட்டில் இழந்தவர் பலருக்கு நியாயமான ஈடு நெடுங்காலம் கிடைக்கவில்லை. நீரைப் பொது உடைமையாக்கினால் மட்டும் போதாது. அதன் பயனும் இழப்பும் நேர்மையாகப் பகிரப்பட வேண்டும் என்பதே இதன் பாடம். பாபா சாகேப்பை வணங்குவோராகிய நாம் இப்பாடத்தையும் சேர்த்தே கற்றல் கடன்.

1947-இல் அவர் அரசியல் நிர்ணய சபைக்கென ஒரு விண்ணப்பம் தயாரித்தார். விளைநிலம் அரசுடைமையாக வேண்டும். கூட்டுப் பண்ணைகளில் உழைப்போருக்கு விதை, எரு, கருவி ஆகியவற்றோடு நீரையும் அரசே வழங்க வேண்டும் என்பது அதிலடங்கிய திட்டம். நிலமில்லாதவனுக்கு நீரும் இல்லை என்னும் கிராமத்து உண்மையை அறிந்தவர் வகுத்த திட்டம் அது. அது ஏற்கப்படவில்லை. எனினும் அவர் தலைமையில் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தின் 15ஆம் ஷரத்தைப் பாருங்கள். அரசுப் பணத்தால் பேணப்படும், அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்ட கிணறுகள், குளங்கள், நீராடு துறைகள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, மதம், பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்று அது விதிக்கின்றது. போலே தீர்மானத்தின் எதிரொலியும் மஹாத் குளத்தின் அலையோசையும் அவ்விதியில் கேட்கின்றன. 17ஆம் ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. சமுதாயத்தின் பொருள் வளங்கள் பொது நன்மைக்கு ஏற்றவாறு பங்கிடப்பட வேண்டுமென்று 39ஆம் ஷரத்து அரசுக்கு நெறி காட்டுகின்றது. மாநிலங்களுக்கிடையே எழும் ஆற்றுநீர்த் தகராறுகளைத் தீர்க்க வகைசெய்யும் 262ஆம் ஷரத்தும் அச்சட்டத்தில் உளது.

ஆனால் சட்டம் காத்தது பொது நீரை. தனியார் நிலத்தின் அடியிலுள்ள நீரோ 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டத்தின் நிழலில் நின்றுவிட்டது. தன் நில எல்லைக்குள் அடியில் கிடைக்கும் நீரை வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ள நிலவுடைமையாளனுக்கு அச்சட்டம் இடந்தந்தது. நிலம் உடையவன் நீருடையவன் ஆனான். ஆழமான குழாய்க்கிணறு தோண்டப் பணமுடையவன் அண்டை வயலின் நீருக்கும் மறைமுகமாக உடையவன் ஆனான். சென்னையைச் சூழ்ந்த கிராமங்களின் வயற்கிணறுகளிலிருந்து லாரி லாரியாக நீர் நகரத்துக்கு விலையாகிச் சென்றதை நம் தமிழன்பர் பலர் கண்ணாரக் கண்டிருப்பர். 1987-இல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தும் அவ்வணிகம் ஓயவில்லை. 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்த கோடையில், லாரி நீரை வாங்க வல்லவர் வாங்கினர். வல்லாதவர் குடங்களோடு வீதியில் நின்றனர்.

டில்லியிலும் நிலை வேறன்று. அளவுமானி பொருத்திய குழாய் இணைப்பு உள்ள வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் நீர் கட்டணமின்றி வழங்கப்படும் என்று 2015-இல் அறிவித்தனர். நல்ல செயலே. ஆயினும் இணைப்பே இல்லாத குடிசைவாசிக்கு அதனால் ஆவதென்ன? அவன் லாரி வரும் நேரத்துக்காகக் காத்து, கூலிவேலையையும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் இழக்கிறான். அவசரத்துக்குத் தனியாரிடம் விலைக்கும் வாங்குகிறான். குழாய் இருந்தும் சேவகனுக்காகக் காத்திருந்த சாதாராவின் சிறுவனை இங்கே மீண்டும் காண்கிறோம்.

உலகின் பிற பகுதிகளில் இக்கொள்கை இன்னும் தூரம் சென்றுள்ளது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 1981-இல் இயற்றிய நீர்ச் சட்டம் நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து, வீட்டைப் போல் விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாக்கியது. அங்குள்ள பெடோர்கா பள்ளத்தாக்கில் ஏற்றுமதிக்கான பழத்தோட்டங்கள் பசுமையாய்த் தழைக்க, கிராமத்தார் லாரி நீரை நம்பி வாழும் நிலை வந்தது. 2022-இல்தான் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, மனிதர் குடிக்கும் நீருக்கு முதலிடம் தந்தது. கலிபோர்னியாவின் நீர் விலையை வைத்து முன்பேர வணிகம் 2020 டிசம்பரில் அமெரிக்கச் சந்தையில் தொடங்கிற்று. பாபா சாகேப்பின் மராட்டிய மாநிலத்திலும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் நீர்ப் பங்குகளைக் கைம்மாற்ற இடந்தந்துள்ளது.

விலை வைத்தால்தான் நீர் வீணாகாது என்போர் உளர். அவர்கள் கூற்றில் சிறிது உண்மை உண்டு. இலவச நீரால் புல்வெளி நனைப்பவனும் ஆழ்கிணற்றை இரவும் பகலும் இறைப்பவனும் விலை கொடுப்பதே முறை. ஆனால் குடிக்கும் நீரையும் சமைக்கும் நீரையும் அவ்வளவுகோலால் அளத்தல் எங்ஙனம் பொருந்தும்? சந்தையில் குரல் கொடுப்பது பணம், தாகம் அன்று. பணமே இல்லாதவனின் தாகம் சந்தையின் காதில் விழுவதில்லை. மேலும் நம் நாட்டில் பணமும் நிலமும் எச்சாதியாரிடம் குவிந்துள்ளன என்பதை நாம் அறிவோம். நேற்றுச் சாதியால் மூடிய வாயிலை இன்று விலை மூடுமாயின், வெளியே நிற்பவர் அதே மக்கள்தாம். மஹாத் வழக்கில் எதிர்ப்பாளர் உடைமையைக் கேடயமாகப் பிடித்ததன் உட்பொருள் இதுவே. சாதியும் முற்றிலும் அகன்றபாடில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்ததை நாடே கண்டு தலைகுனிந்தது.

பாபா சாகேப்பின் இறுதி நாட்களுக்கு வருவோம். 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்தபின், உடல் நலிவுற்ற நிலையிலும் டில்லி அலிப்பூர் சாலை இல்லத்தில் இரவு பகலாக அவர் எழுதி வந்தது புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலே. முதுமையும் நோயும் மரணமும் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்பதே வழிவழிக் கதை. அறிவுக்கு அது ஒவ்வாதென்று கருதிய பாபா சாகேப் வேறு காரணத்தை முன்வைத்தார். சாக்கியர் நாட்டுக்கும் கோலியர் நாட்டுக்கும் நடுவே ரோகிணி ஆறு ஓடிற்று. அதன் நீரை முதலில் யார் வயலுக்குத் திருப்புவது என்பதில் இரு சாராருக்கும் பூசல் மூண்டது. சாக்கிய சங்கம் போர் தொடுக்கத் துணிந்தது. சித்தார்த்தர் எதிர்த்தார். இரு தரப்பிலும் இருவர் இருவராகத் தேர்ந்து, அந்நால்வரும் ஐந்தாமவர் ஒருவரைத் தேர்ந்து, அவ்வைவர் தகராறைத் தீர்க்கட்டும் என்று யோசனை கூறினார். அவை ஏற்கவில்லை. போரில் சேர மறுத்த அவர், குடும்பத்துக்குத் துன்பம் நேராவண்ணம் தாமே நாடு துறந்தார். பழைய நூல்களில் ரோகிணிப் பூசல் பெருமான் ஞானம் பெற்ற பின் நிகழ்ந்ததாகவும், அவரே நடுநின்று தீர்த்ததாகவும் வரும். அதை எடுத்துத் துறவுக்கே காரணமாக முன்னிறுத்தியவர் பாபா சாகேப். ஒரு குவளை நீருக்கு ஏங்கியவரன்றோ, நீர்ப் பூசலில் உலகத் துன்பத்தின் வேரைக் கண்டார்!

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில், முதுபெரும் பிக்கு சந்திரமணி முன்னிலையில் அவர் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். இலட்சக்கணக்கான மக்களுக்குத் தாமே தீட்சை அளித்தார். டிசம்பர் 6ஆம் நாள் டில்லியில் பரிநிர்வாணம் எய்தினார். மேற்கூறிய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. அவர் பிறந்த ஏப்ரல் 14ஆம் நாளை நீர் நாளாகக் கொண்டாடப் போவதாக மத்திய நீர்வளத் துறை 2016-இல் அறிவித்தது. காலந்தாழ்ந்து வந்ததாயினும் தகுதியான மரியாதை அது.

அன்பர்களே, மாலை சூட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. தண்ணீர்ப் பந்தல் வைப்பது தமிழர் அறம்; அதை நாம் கைவிடலாகாது. ஆயினும் பந்தல் நீர் ஈகை; குழாய் நீர் உரிமை. ஈகையைப் பெற்றவன் நன்றி கூறுவான். உரிமை பெற்றவன் நிமிர்ந்து நிற்பான். ஆதலின் ஒவ்வோர் ஊரிலும் உள்ள நம் சங்கத்தினர், தம் பகுதியில் எந்தச் சேரிக்கு, எந்தக் குடிசைத் தெருவுக்குக் குழாய் எட்டவில்லை என்று ஏப்ரல் 14-க்கு முன் கணக்கெடுத்து, உரிய அதிகாரிகளுக்கு எழுத்தில் விண்ணப்பிப்பார்களாக. மறுமொழி வாராவிடின் மீண்டும் எழுதுவார்களாக. ஒரு குளத்துக்காகப் பத்தாண்டுகள் பொறுமை இழவாது வழக்காடியவரின் வழிவந்தோர் நாம். ஒரு குழாய்க்காகச் சில கடிதங்கள் எழுதச் சோர்வு கொள்ளலாமோ?

அடுத்த முறை ஆர்.கே.புரத்தில் அக்கட்டடத்தைக் கடக்கும் நம்மவர், உள்ளே அளக்கப்படுவது ஆற்றின் நீர் மட்டுமே என்று எண்ணற்க. அந்நீர் கடைக்கோடி மனிதனின் குவளையை எட்டுகின்றதா என்பதை அளக்க வேண்டியவர் நாமே.